இரண்டு முறை விற்ற விசில்

ஒரே பொருளை இரண்டு பேருக்கு விற்றவன் என்று என்னை யாராவது சொன்னால் சண்டைக்குப் போவேன். பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் இருபது வருடத்துக்கு மேல் சாக்கு விரித்தவன் நான். பழைய பூட்டு, தண்ணீர்க் குழாய், ரேடியோ, தையல் மிஷின் பாகம், மின்விசிறி இறக்கை என்று இந்தக் கை தொடாத சாமான் கிடையாது. என்னிடம் வாங்கிப் போய், ஏமாந்துவிட்டேன் என்று திரும்பி வந்து நின்றவர் ஒருவரும் இல்லை. ஆனாலும் ஒரு பொருளை நான் இரண்டு முறை விற்றேன். அது ஒரு விசில்.

விசில் என்றதும் பஸ் கண்டக்டர் ஊதுவதை நினைக்காதீர்கள். நானும் முதலில் அதைத்தான் நினைத்தேன்.

தாம்பரம் ரயில் நிலையத்துக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீட்டில் கவுன் போட்ட ஆங்கிலோ இந்திய ஆன்ட்டி ஒருத்தர் இருந்தார். கணவர் ரயில் ஓட்டி ஓய்வு பெற்றுக் காலமானவர். பிள்ளைகள் எல்லாம் ஆஸ்திரேலியா போய்விட்டார்கள். கடைசியாக ஆன்ட்டியும் கிளம்பினார். அந்த வருடங்களில் அப்படி வீட்டைக் காலி செய்து போகிறவர்கள் இருந்தால் எங்களைப் போன்றவர்களுக்கு எப்படியோ வாசனை தெரிந்துவிடும். தள்ளுவண்டியோடு போனேன். கட்டில், மேஜை எல்லாம் முன்பே போயிருந்தன. எனக்குக் கிடைத்தது ஒரு டிரங்குப் பெட்டி. அதில் கரண்டிகள், பித்தளைத் தாழ்ப்பாள்கள், ஒரு மாவு சலிக்கும் ஜல்லடை, இவற்றுக்கு அடியில் ஒரு முழத்துக்கு மேல் நீளமாக ஒரு அலுமினியக் குழாய். ஆறு ஓட்டைகள்.

"இது இன்னா ஆன்ட்டி?"

"அது என் கொழுந்தன் குடுத்துட்டுப் போனதுப்பா. கப்பல்ல வேலை பார்த்தான். அயர்லாந்து பக்கம் ஏதோ ஊர்ல வாங்கினானாம். லோ விசில்."

"விசிலா? இவ்ளோ பெருசா? இதை ஊதி எந்த பஸ்ஸை நிறுத்துறது?"

ஆன்ட்டி சிரித்தார். "நீ ஊதினா பஸ் நிக்காது மேன், ஓடிப்போயிடும்" என்றார். எனக்கு அந்தப் பேச்சு பிடித்துவிட்டது. ஜனங்கள் பேசும்போது நடுவில் தெறித்து விழும் ஒரு சொல்லுக்காகவே பேரத்தை இழுக்கிற ஆள் நான். வீட்டுக்கு வந்து தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கம் அதைக் குறித்து வைத்தேன். எட்டாவதோடு பள்ளிக்கூடம் முடிந்துபோனவனுக்கு அந்தத் தாள்கள்தான் புத்தகம்.

அந்த வாரமே சந்தைக்கு முன் சாமான்களைத் துடைத்து ஒழுங்கு செய்தேன். என் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. உடைந்ததை உடைந்ததாக விற்க மாட்டேன். கைப்பிடி ஆடினால் இறுக்குவேன், ஓட்டை இருந்தால் அடைப்பேன். குழாயைக் கையில் எடுத்துப் பார்த்தேன். வாய் வைக்கும் முனைக்குச் சற்றுக் கீழே, கட்டைவிரல் நகத்தளவுக்குச் சதுரமாக ஒரு வெட்டு. மற்ற ஆறு ஓட்டைகளும் வட்டம்; ஒழுங்கு. இது மட்டும் சதுரம். தனியாகத் தள்ளி நிற்கிறது. எங்கோ அடிபட்டு, யாரோ அரத்தால் ராவி விட்டிருக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். குழாய் ரிப்பேர்க்காரர்கள் இரண்டு துண்டு பசையை ஒன்றாகப் பிசைந்து ஒழுகும் இடத்தில் அப்புவார்களே, அதை எடுத்துப் பிசைந்து அந்த வெட்டை அடைத்தேன். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். அடைத்த இடமே தெரியவில்லை. என் வேலை அப்படி.

ஊதிப் பார்த்தேன். காற்றே உள்ளே போகவில்லை. புல்லாங்குழல் மாதிரி பக்கவாட்டில் பிடித்து ஒவ்வோர் ஓட்டையாக ஊதினேன். நாய் மூச்சு வாங்குகிற சத்தம் வந்தது. சரி, வெள்ளைக்காரன் சாமான், நமக்குப் பழகவில்லை என்று சாக்கில் வைத்துவிட்டேன்.

மூன்று வெள்ளிக்கிழமை அது அப்படியே கிடந்தது. பக்கத்துச் சாக்கு பாயுடையது. பழைய கடிகாரம் வாங்கி, பழுது பார்த்து விற்பவர், குரோம்பேட்டையில் வீடு. நாக்கு அவருக்கு நொடி முள்.

"நைனா, இத்தை ஏன் தூக்கினு வர்றே தூக்கினு போறே? தோட்டத்துல சொருகி வுடு, ஆறு செடிக்குத் தண்ணி பாயும்."

நான்காவது வெள்ளிக்கிழமை மாலை, வெயில் இறங்கும் நேரத்தில் ஒருவர் துணிப்பையோடு வந்து நின்றார். எனக்கு முகம் தெரிந்தவர்தான். பாரிமுனையில் ஏதோ அலுவலகத்தில் எழுத்தர். தாம்பரத்தில் குடியிருந்தார். வெள்ளிக்கிழமைகளில் வேலை முடிந்து பல்லாவரத்தில் இறங்கிச் சந்தையை ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு அடுத்த வண்டி பிடிப்பார். காலையில் தாம்பரத்திலிருந்து புறப்படும் மின்சார ரயிலில், முன்னாலிருந்து மூன்றாவது பெட்டியில் ஒரு பஜனைக் கோஷ்டி உண்டு. தினம் ஆபீஸ் போகிறவர்கள். ஆர்மோனியம், மிருதங்கம், ஜால்ரா எல்லாம் மடியில் வைத்துப் பீச் ஸ்டேஷன் வரை பாடிக்கொண்டே போவார்கள். அந்தக் கோஷ்டிக்குப் புல்லாங்குழல் இவர்தான்.

அன்றைக்கு அவர் பேசும்போது வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போனது. ஒரு கண் மூடவில்லை.

"என்ன சார் ஆச்சு?"

"முகவாதம் அண்ணா. ரெண்டு மாசம் ஆகுது. காலையில பல் தேய்க்கறேன், தண்ணி தானா வெளியில வருது. டாக்டர் போகப் போகச் சரியாகும்னு சொல்றார். எவ்வளவு போகணும்னு சொல்லலை." துணிப்பையைத் திறந்து காட்டினார். நாலு புல்லாங்குழல்கள், எண்ணெய் போட்டுப் பளபளவென்று. "உதடு குவிஞ்சாத்தான் இதுல காத்து நிக்கும். எனக்குக் குவியலை. பாதி காத்து பக்கத்துல உட்கார்ந்திருக்கவர் காதுக்குப் போகுது. நல்ல ஆளாப் பார்த்துக் குடுத்துடுங்க."

விற்க வந்தவரிடம் விலை பேச எனக்கு வாய் வரவில்லை. இரண்டு மாதத்தில் யாராவது குழலை விற்பார்களா, இன்னும் கொஞ்சம் பொறுங்கள் என்றேன். "ஆயுத பூஜைக்குப் பெட்டியில வருஷா வருஷம் பூஜை போடுவோம். அன்னிக்கு முதல் பாட்டு என் குழல்லதான் ஆரம்பிப்பாங்க. பதினோரு வருஷமா. இந்த வருஷம் நான் சும்மா உட்கார்ந்து சுண்டல் சாப்பிடணுமா? வீட்டுல இது கண்ணுல படப்பட வயிறு எரியுது அண்ணா" என்றார். சொல்லிக்கொண்டே பார்வை என் சாக்கின் மேல் ஓடியது. குழாயில் நின்றது. எடுத்தார். முனையைப் பார்த்தார், ஓட்டைகளை விரலால் தடவினார், என் அடைப்பின் மேல் நகத்தால் சுரண்டினார்.

"இதை யார் அடைச்சது?"

"நான்தான் சார். உடைஞ்சிருந்தது. சுத்தமா அடைச்சுட்டேன், பாருங்க, தெரியவே தெரியாது."

"அண்ணா, என் பொண்ணு மாரியம்மன் திருவிழாவுல ஒரு பிளாஸ்டிக் பீப்பி வாங்கினா. அதுலயும் இதே இடத்துல இதே வெட்டு. அது உடைசல் இல்லை. சத்தம் அங்கேருந்துதான் வருது. நீங்க வீட்டைக் கட்டி வாசலைப் பூசிட்டீங்க."

பாய் பக்கத்திலிருந்து ஒரு சிரிப்புச் சிரித்தார் பாருங்கள், எதிர் வரிசைக் கோழிக்காரர் திரும்பிப் பார்த்தார். "இருபது வருச சர்வீசு! ஓட்டை இன்னா, வாசல் இன்னான்னு தெரில. கொண்டா இப்படி."

கடிகாரம் பிரிக்கும் ஊசிமுனை ஆயுதத்தை எடுத்தார் பாய். கண்ணில் உருப்பெருக்கியைப் பொருத்திக்கொண்டு, பசையைத் துகள் துகளாக, பல் குத்துவது போலக் குத்தி எடுத்தார். "ஓரம் மழுங்கக் கூடாது பாய், அந்த ஓரத்துலதான் காத்து கிழியணும்" என்று இவர் பக்கத்தில் குந்தி உட்கார்ந்தே சொல்லிக்கொண்டிருந்தார். கால் மணி நேரம் ஆயிற்று. எழுத்தர் அதை வாங்கி வேட்டி நுனியால் துடைத்து, வாயின் நல்ல பக்கத்தில் முனையை வைத்து, ஆறு ஓட்டையும் திறந்தபடியே மெல்ல ஊதினார்.

சத்தம் வந்தது. சன்னமான சத்தம் இல்லை. தூரத்தில் பசு கூப்பிடுவது போல, அடித்தொண்டையிலிருந்து வருகிற சத்தம். விரல்களை ஒவ்வொன்றாக மூட மூட அது இன்னும் கீழே இறங்கியது. கடைசி இரண்டு ஓட்டைகள் அவர் விரல்களுக்கு எட்டாமல் சத்தம் பிசிறிற்று. ஆனால் அவர் முகத்தில் அசையக்கூடிய பாதி மலர்ந்திருந்தது.

"உதடு குவிக்கவே வேணாம் அண்ணா! காத்து தானா வழி கண்டுபிடிக்குது!"

எடுத்துக்கொண்டு போங்கள், பணம் அப்புறம் தரலாம் என்றேன். அவர் கேட்கவில்லை. "கடன்ல வாங்கின வாத்தியத்துல வாய் வெச்சா மூச்சு பாதியில நின்னுடும். அடுத்த வெள்ளிக்கிழமை சம்பளம் வந்துடும். எனக்குன்னு எடுத்து வையுங்க, போதும்."

"வெச்சாச்சு சார். இனி இது உங்களுது" என்றேன். பாய் சாட்சி.

அந்த ஒரு வாரம் விசில் என் வீட்டில் இருந்தது. சும்மா இருந்திருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும். நான் தினமும் எடுத்து ஊதினேன். ஓட்டைக்கும் ஓட்டைக்கும் இடைவெளி அதிகம். விரல் நுனியை வைத்தால் ஒன்று மூடும், இன்னொன்று திறந்துகொள்ளும். நாலு நாள் பார்த்துவிட்டு என் மனைவி சொன்னாள்: "ஏங்க, சூடா இருக்கற தோசைக்கல்லையா தொட்டுப் பாக்கறீங்க? நுனி விரல் எதுக்கு? சப்பாத்திக் கட்டையைப் பிடிக்கற மாதிரி தட்டையாப் படுக்க வைங்க."

விரலை நேராக நீட்டி, நடுக் கணுவின் சதையை ஓட்டையின் மேல் படுக்க வைத்தேன். ஆறும் மூடிக்கொண்டன. மெதுவாக ஊதினேன், பலமாக ஊதினால் இது கோபித்துக்கொண்டு கீச்சென்று மேலே ஓடிவிடும், சூடான டீயை ஆற்றுகிற அளவுக்குத்தான் காற்று வேண்டும். அந்த அடிச் சத்தம் வந்தது. நெஞ்சுக்கூடு அதிர்ந்தது. பாட்டு என்று எனக்கு ஒன்றும் வராது. ஆனால் அந்த ஒரு சத்தத்தைப் பிடித்து நிறுத்த எனக்கு வந்துவிட்டது. சந்தையில் பாயிடமும் அந்தக் கோழிக்காரரிடமும் இதைக் காட்டாமல் எப்படி இருப்பது?

அதுதான் நான் செய்த தப்பு. வெள்ளிக்கிழமை காலை பையிலேயே இருந்திருக்க வேண்டியதை வெளியே எடுத்தேன். சாக்கை விரித்து, சாமான் அடுக்கி, நடுவில் நின்றுகொண்டு ஊதினேன். பாய் கை தட்டினார். ஊதி முடித்துச் சாக்கின் மேல் வைத்தேன். வைத்த கை எடுக்கும் முன் இன்னொரு கை அதன் மேல் விழுந்தது.

"இது எவ்ளோபா?"

வெள்ளை வேட்டி, நெற்றி நிறைய விபூதி, கையில் மஞ்சள் பை. அன்றைக்கு என் சாக்குக்கு வந்த முதல் ஆள். போணி.

சந்தை தெரியாதவர்களுக்கு இது விளங்காது. முதல் வியாபாரம் போணி. போணிக்கு வந்தவரை வெறுங்கையோடு அனுப்பினால் அன்று முழுக்க ஈ ஓட்ட வேண்டியதுதான். அதுவும் எங்கள் வரிசையில் சட்டமே உண்டு: சாக்கின் மேல் இருந்தால் அது சரக்கு. போணி ஆள் அதைத் தொட்டுக் கேட்டுவிட்டால், விற்பனைக்கு இல்லை என்ற பேச்சு வரக் கூடாது. சண்டைக்காரனானாலும் போணிக்குக் கேட்டால் விலையைக் குறைத்தாவது கொடுத்து அனுப்புவோம். இந்தச் சட்டத்தை மற்றவர்களுக்கு உரக்கச் சொல்லித் தந்தவனே நான்தான்.

"வேற ஏதாவது பாருங்க ஐயா. இது ஒருத்தருக்குச் சொல்லியாச்சு" என்றேன்.

"சொல்லியாச்சுன்னா ஏன்பா கடையில வெச்சிருக்க? போணிக்கு வந்திருக்கேன். வண்டலூர்ல ஜூவுக்கு எதிர்ல டீக்கடை வெச்சிருக்கறவன் நான். எனக்குத் தெரியாதா போணி?"

எதிர் வரிசை முழுக்கப் பார்த்தது. கோழிக்காரர், "போணிய திருப்பாத தலைவா, எங்களுக்கும் சேர்த்து ஆகாது" என்றார். பாயைப் பார்த்தேன். அவர் ஒரு கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க ஆரம்பித்துவிட்டார். என் பக்கம் திரும்பவே இல்லை. விற்றேன். நான் சொன்ன விலையில் பாதிக்கு. எழுத்தருக்கு ஏதாவது சொல்லிச் சமாளித்துக்கொள்ளலாம், நம் வாய் அதற்குத்தானே இருக்கிறது என்று நினைத்தேன்.

மாலை ஆறு மணிக்கு அவர் வந்தார். சட்டைப் பையில் சம்பளக் கவர் எட்டிப் பார்த்தது. நான் பேச ஆரம்பித்தேன். போணி என்றேன், சட்டம் என்றேன், வரிசை முழுக்கப் பார்த்தது என்றேன். அவர் முகம் வாடியது. பாதி முகம்தான் வாடியது. மறுபாதிக்கு வாடவும் தெரியவில்லை. அதைப் பார்த்ததும் என் பேச்சு நின்றது.

"பரவால்ல அண்ணா. சந்தைன்னா அப்படித்தான்." புல்லாங்குழல்கள் இருந்த அதே துணிப்பையை என் சாக்கின் ஓரமாக வைத்தார். "அப்போ இதையும் போணிக்கு வெச்சுடுங்க. நல்லாப் போகும்."

அவர் போன பிறகு பாய் என்னிடம் பேசினார். இந்த முறை சிரிப்பில்லை. "கடியாரம் நின்னா சாவி குடுப்பேன். நீ நின்னா இன்னாத்த குடுக்கறது?"

மறுநாள் சனிக்கிழமை வண்டலூருக்குச் சைக்கிள் மிதித்தேன். டீக்கடையைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. பாய்லருக்கு மேல் பெரிய முருகன் படம். ஆறு முகம். படத்துக்குக் கீழே பலகையில் என் விசில் படுத்திருந்தது. ஆறு ஓட்டையிலும் விபூதியைக் குழைத்து அடைத்து, ஓட்டைக்கு ஒன்றாக ஆறு ஊதுபத்தி நட்டிருந்தது. நான் ஒரு வாசலை அடைத்தேன். இவர் ஆறு ஜன்னலையும் அடைத்துவிட்டார்.

"எப்படி இருக்கு?" என்றார் பெருமையாக. "ஆறு முகத்துக்கு ஆறு. இதுக்குன்னே செஞ்ச மாதிரி இல்ல? எங்க தேடினாலும் அஞ்சு ஓட்டை ஸ்டாண்டுதான் கிடைக்குது."

விஷயத்தைச் சொன்னேன். வாத்தியம் என்றேன். முகவாதக்காரர், ரயில் பஜனை, ஆயுத பூஜை எல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டு ஒரு டீயும் கொடுத்தார். கொடுத்துவிட்டு, "பாவம்பா. ஆனா சாமி முன்னாடி வெச்சதை எப்படி எடுக்கறது? அதுவும் போணியில வந்தது. அந்தக் குழாய் வந்த அன்னிலேருந்து பால் ஒரு தடவ திரியல" என்றார். வந்து ஒரு நாள்தான் ஆகியிருந்தது. பித்தளையில் இதைவிட அழகாக ஆறு ஓட்டை ஸ்டாண்டு செய்து தருகிறேன் என்றேன். "கொண்டா, ரெண்டும் இருக்கட்டும்" என்றார்.

திரும்பி வரும்போது பெருங்களத்தூர் தாண்டி எதிர்காற்று. தலையைக் குனிந்து மிதித்துக்கொண்டே அவர் பேச்சை மனதுக்குள் ஓட்டிப் பார்த்தேன். ஜனங்கள் சொன்னதை அப்படியே திருப்பிச் சொல்லிப் பார்ப்பது என் வழக்கம். "எனக்குத் தெரியாதா போணி?" என்று அவர் கேட்டது அங்கே வந்து விழுந்தது. வண்டியை நிறுத்திவிட்டு நடுரோட்டில் சிரித்தேன். டீக்கடைக்கும் போணி உண்டே!

ஞாயிற்றுக்கிழமை குரோம்பேட்டையில் தெரிந்த லேத்துப் பட்டறைக்காரரைத் தூக்கத்திலிருந்து எழுப்பி, ஒரு பித்தளைத் திரைச்சீலைக் கம்பியில் ஊதுபத்திக் கனத்துக்கு ஆறு ஓட்டை போட்டு வாங்கினேன். திங்கட்கிழமை விடியும் முன் கிளம்பினேன். ஜி.எஸ்.டி. ரோட்டில் லாரிகளைத் தவிர யாருமில்லை. கடை திறந்திருந்தது, பால் இன்னும் பொங்கவில்லை. எனக்கு முன்னால் ஒரு காய்கறி லாரி டிரைவர் கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றார். "அண்ணா, ஒரே நிமிஷம், நான் முதல்ல கேட்டுக்கறேன்" என்றேன். "கேளேன், எனக்கு இன்னா" என்றார்.

டீக்கடைக்காரர் பால் பொங்கியதும் முதல் டீயைப் போட்டு, வழக்கப்படி அதை ரோட்டில் வீசிக் கும்பிட்டுவிட்டு நிமிர்ந்தார். "என்ன வேணும்?"

"அந்தக் குழாய்."

அப்போதுதான் இருட்டில் என்னை அடையாளம் கண்டார்.

"இங்க டீதான் விக்கறது."

"விபூதிப் பொட்டலம், பீடி, பிஸ்கட் எல்லாம் அந்தப் பலகையிலதான் இருக்கு. அதே பலகையிலதான் இதுவும் இருக்கு. நீங்க குடுத்த அதே விலை. போணிக்கு வந்திருக்கேன் ஐயா. உங்களுக்குத் தெரியாதா போணி?"

அவர் முருகனைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். பாய்லர் உஸ் என்றது. லாரிக்காரர்தான் பொறுமை இழந்தார்: "குடுத்துத் தொலை நைனா! போணிய நிக்க வெச்சா எனக்கு டீ எப்போ வரும்?"

"அடப்பாவி, என் கையை வெச்சே என் கண்ணைக் குத்தறியே" என்று டீக்கடைக்காரர் சிரித்துவிட்டார். ஊதுபத்திக் குச்சிகளை அவரே ஒவ்வொன்றாகப் பிடுங்கினார். படத்தைத் தொட்டுக் கும்பிட்டு என் கையில் கொடுத்தார். நான் பித்தளைக் கம்பியை வைத்தேன். தூக்கிப் பார்த்து, "இது கனமா கீதே" என்று லாரிக்காரரிடம் காட்டினார். கடைக்காரருக்கு நஷ்டமில்லை. எனக்கும் இல்லை, அந்தக் கம்பியைப் பார்த்து ஆறு ஓட்டை ஸ்டாண்டு கேட்டு வந்தவர்களுக்கு நான் வருடக்கணக்கில் செய்து விற்றேன்.

மறுநாள் காலை விசிலையும் துணிப்பையையும் எடுத்துக்கொண்டு தாம்பரம் நடைமேடையில் மூன்றாவது பெட்டிக்குப் போனேன். கோஷ்டி உட்கார்ந்து சுருதி சேர்த்துக்கொண்டிருந்தது. இவர் ஜன்னலோரம், மடியில் ஜால்ராவோடு. என்னைப் பார்த்து, "இதான் இப்போ என் வேலை அண்ணா. இங்கயும் ஜால்ரா, ஆபீஸ்லயும் ஜால்ரா" என்றார். விசிலை நீட்டினேன். வாங்கி மோந்து பார்த்தார்.

"விபூதி வாசனை வருது?"

"சாமி பார்த்துட்டு வந்திருக்கு சார். இந்தாங்க உங்க புல்லாங்குழலுங்க. சாக்குல வெக்கலை."

பையை வாங்கிக்கொண்டார். பணத்தை அங்கேயே எடுத்துக் கொடுத்தார். மன்னிப்பெல்லாம் நான் ஒத்திகை பார்த்து வந்திருந்தேன். கேட்கிற நிலையில் அவர் இல்லை. ஓட்டைக்குள் ஒட்டியிருந்த விபூதியைக் குச்சியால் எடுத்துக்கொண்டிருந்தார். விரலைத் தட்டையாகப் படுக்க வைக்க வேண்டும் என்று மட்டும் சொன்னேன். என் மனைவி சொன்னது என்றும் சொன்னேன்.

ஆயுத பூஜைக்கு ஐந்து வாரம் இருந்தது. புல்லாங்குழலில் ஸட்ஜம் வேறு இடம், இதில் ஆறையும் மூடினால்தான் ஸட்ஜம் என்று வைத்துக்கொண்டு, பழகிய விரல்களை மறக்கப் பழக வேண்டியிருந்தது என்று வெள்ளிக்கிழமைகளில் வந்து சொல்வார். பெரிய சிக்கல் ஒன்று பாக்கி இருந்தது. கோஷ்டி பாடுவது ஒரு கட்டைச் சுருதி. இந்த விசில் பிறந்ததே இரண்டு கட்டை, அதைவிட ஒரு படி உயரம். புல்லாங்குழல் என்றால் வேறு குழலை எடுக்கலாம். இது ஒன்றுதான், இதற்கு ஒரே சுருதிதான். "ஒரு ஆளுக்காக முப்பது பேர் தொண்டையைக் கிழிச்சுப்பாங்களா?" என்று கவலைப்பட்டார். ஆர்மோனியம் வாசிக்கும் பெரியவரிடம் கேட்கவே கூச்சம் அவருக்கு.

ஆயுத பூஜைக்கு முந்தின வேலை நாளில் பெட்டிக்கு வரச் சொன்னார். தாம்பரத்தில் பல்லாவரம் வரை டிக்கெட் எடுத்து ஏறினேன். ஜன்னல் கம்பிகளில் வாழைக்கன்று, மேலே காகிதத் தோரணம், பலூன். சந்தன வாசனையும் சுண்டல் வாசனையும். கற்பூரம் காட்டி முடித்ததும் எல்லோரும் இவர் பக்கம் திரும்பினார்கள். இவர் விசிலை எடுக்காமல், "சுருதி சேராதே..." என்று இழுத்தார்.

ஆர்மோனியக்காரர் கண்ணாடியை மேலே தள்ளினார். "தெரியும் சார். உங்க வீட்டம்மா சொன்னாங்க. ஒரு ஆளுக்காக ரயில் நிக்காது. சுருதி ஏறும்." கோஷ்டியைப் பார்த்தார். "ரெண்டு கட்டை. தொண்டை வலிக்கறவங்க வாயை மட்டும் அசைங்க, போதும்."

வண்டி அசைந்தது. இவர் வாயின் நல்ல பக்கத்தில் முனையை வைத்தார். ஆறு விரல்களும் தட்டையாகப் படுத்தன. அந்த அடிச் சத்தம் எழுந்தது. உதட்டின் மறுபக்கம் கொஞ்சம் காற்று கசிந்து உஸ் என்றது. ரயில் சத்தத்தில் அது கரைந்து போனது. முப்பது பேரும் எடுத்தார்கள். இரண்டு கட்டையில் பாதிப் பேருக்குக் குரல் கீறியது, கழுத்து நரம்பு புடைத்தது, யாரும் இறக்கவில்லை. குரோம்பேட்டையில் ஏறியவர்கள் உட்கார இடம் தேடாமல் அப்படியே வாசலருகில் நின்றார்கள். ஒருவர் என் தோளைத் தட்டி, "இன்னா வாத்தியம்பா அது?" என்று கேட்டார்.

"விசில்" என்றேன். அவர் நம்பவில்லை.

நான் பல்லாவரத்தில் இறங்கவில்லை. கிண்டி வந்த பிறகுதான் ஞாபகம் வந்தது. டிக்கெட் பரிசோதகர் யாராவது பிடித்திருந்தால் என்ன சொல்லியிருப்பேன் என்று தெரியாது, எதையாவது சொல்லியிருப்பேன். வாய் இருக்கிறதே.